ஒற்றைப்படைக் கரணம்

ஜிம்னாஸ்டிக்ஸில் எட்டுப் பத்து வருடம் ஊறிய ஓர் அமெரிக்கப் பள்ளி மாணவியை முதன்முதலாக டைவிங் பலகையில் ஏற்றிவிட்டால், அநேகமாக அவள் அவசரப்படுவாள். பலகையின் நுனியில் இரண்டு காலும் பதிந்த கணமே எம்பிவிடுவாள். அவள் பழகிய தரை அப்படி. அடியில் ஸ்பிரிங் வைத்த தரைதான் என்றாலும் அது வெடுக்கென்று திருப்பி அடிக்கும். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, தட்டிய வேகத்தில் கிளம்புகிறவளுக்குத்தான் அங்கே உயரம் கிடைக்கும்.

டைவிங் பலகையிடம் இந்தச் சுறுசுறுப்பு எடுபடாது. 16 அடி நீளம், 20 அங்குல அகலம், அலுமினியக் கலவை. நுனியில் கால் பட்டதும் வளைந்து கீழே போகும், ஒரு கணம் நிற்கும், பிறகு மேலே வரும். கீழே போகும்போது கால்களால் அதை இன்னும் அழுத்த வேண்டும். மேலே வரும்போது அதன் மேலேயே இருந்து அது தூக்கிவிடும்வரை பொறுக்க வேண்டும். முந்திக்கொண்டு எம்பினால், போட்ட பலமெல்லாம் பலகையிலேயே தங்கிவிடும். காலியான பலகை தனியாகத் தடதடவென்று ஆடும், பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

பலகையின் நடுப்பகுதிக்கு அடியில் ஓர் உருளை உண்டு. அதை நகர்த்தப் பக்கவாட்டில் ஒரு சக்கரம். போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, பாயப்போகிறவர் முதலில் அந்தச் சக்கரத்தைக் காலால் உருட்டுவதைக் கவனித்திருக்கலாம். உருளை பின்னே போனால் வளையும் பகுதி நீளும், பலகை மெதுவாக, ஆழமாக ஆடும். முன்னே வந்தால் விறைத்துக்கொண்டு சீக்கிரம் திருப்பிவிடும். அவரவர் எடைக்கும் தாளத்துக்கும் ஏற்றபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்க டைவர் கிறிஸ்டா பால்மரின் கதை எனக்கு இந்த இடத்தில்தான் சுவாரசியமாகப் படுகிறது. சிறுவயதில் ஜிம்னாஸ்டிக்ஸ், பிறகு டிராம்போலின், நடுநடுவே முழங்கால் காயங்கள். டைவிங்குக்கு வந்தபோது வயது 20. நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகத்து அணியில் சேர்ந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 3 மீட்டர் பலகையில் வெண்கலம் வாங்கினார். தனிநபர் பலகைப் பிரிவில் அமெரிக்கப் பெண் ஒருவர் பதக்கம் வாங்குவது 1988க்குப் பிறகு அதுவே முதல்முறை. இருபது வயதில் தொடங்கி இது எப்படி என்று வியப்பவர்கள் அந்த டிராம்போலின் ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். டிராம்போலின் துணியும் தாழ்ந்து எழும்வரை காத்திருக்க வைக்கும் பொருள்தானே.

ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து டைவிங்குக்கு ஏன் மாறுகிறார்கள் என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பதின்வயதில் உயரம் கூடுகிறது. உடல் நீள நீள அதைச் சுழற்றுவது கடினமாகிறது. முழங்காலும் கணுக்காலும் தரையில் இறங்கி இறங்கி ஓய்ந்துபோகின்றன. கையில் இருக்கும் வித்தையை வீணாக்காமல் போக ஓர் இடம் வேண்டும். காற்றில் சுழலும்போது மேல் எது, கீழ் எது என்று உடலுக்குத் தானாகத் தெரிவது ஒரு பெரிய சொத்து. சுழற்சியின் கணக்கும் இரண்டு விளையாட்டிலும் ஒன்றே. காலை எடுக்கும் கணத்தில் பெற்ற சுழல் உந்தம் அவ்வளவுதான். பிறகு உடலைச் சுருட்டினால் வேகம் கூடும், நீட்டினால் குறையும்.

சிக்கல் முடிவில் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ்காரி எத்தனை கரணம் அடித்தாலும் காலில் வந்து நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று முழுக் கரணங்கள். டைவிங்கில் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. அந்தக் கடைசி அரைதான் தலையைத் தண்ணீருக்குள் கொண்டுபோகிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் உள்ள குறியீட்டு எண்ணிலேயே இது தெரியும். 107பி என்றால், 1 முன்பக்கப் பாய்ச்சல். 7 என்பது ஏழு அரைக் கரணம், அதாவது மூன்றரை. ‘பி’ என்பது முழங்காலை மடக்காமல் இடுப்பில் மடிந்த நிலை. அரைகளை எண்ணினால் ஜிம்னாஸ்டிக்ஸ் இரட்டைப்படை, டைவிங் ஒற்றைப்படை.

காகிதத்தில் இது ஒரு சின்ன வித்தியாசம். உடலுக்கு அப்படியில்லை. தலை கீழே போகும் கணத்தை ஆபத்து என்று எண்ணி, கழுத்தை இழுத்துக் காலைத் தேடும்படி பல வருடம் பழகியவள், இப்போது அதே கணத்தில் கையை நீட்டி உள்ளே போக வேண்டும். அதனால்தான் இரட்டைக் கரணம் அடிக்கத் தெரிந்த பெண்ணையும் குளத்தின் விளிம்பில் உட்காரவைத்து, கைகளைத் தலைக்கு மேல் கூப்பி அப்படியே விழச் சொல்கிறார்கள். பிறகு மண்டியிட்டு, பிறகு நின்று. பார்க்க அவமானமாகத்தான் இருக்கும்.

உள்ளே நுழைவதும் தனி வித்தை. படத்தில் வரைவதுபோல விரல்நுனிகள் கூராகத் தண்ணீரைக் குத்துவதில்லை. ஒரு கையால் மற்ற கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தட்டையாக நீருக்குக் காட்டுகிறார்கள். அந்தத் தட்டை அடி நீரில் ஒரு பள்ளம் பறிக்கிறது, உடல் அதன் வழியே போகிறது. உள்ளே போனதும் கைகளைப் பக்கவாட்டில் விலக்கி நீந்துவதுபோல இழுக்கிறார்கள். சரியாக அமைந்தால் நீர் மேலே தெறிக்காது, துணி கிழிவதுபோல ஒரு சத்தம் மட்டும் வரும். கிணற்றில் வயிறு அறைபட விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை புரியும். முழங்கால் தப்பித்தது, ஆனால் சும்மா அல்ல: அந்த அடியை இனி மணிக்கட்டும் தோளும் வாங்குகின்றன.

ஒற்றைப்படை விதிக்கு ஒரு செல்லமான விலக்கு உண்டு. 6இல் தொடங்கும் எண்கள், பலகை அல்லாத நிலையான டைவிங் மேடையின் விளிம்பில் கைகளால் தலைகீழாக நின்று தொடங்கும் பாய்ச்சல்கள். தொடக்கமே தலைகீழ் என்பதால், தலை முதலில் நீருக்குள் போக முழுக் கரணங்கள் வேண்டும். 626சி என்றால் பின்பக்கமாக மூன்று கரணம், சுருண்ட நிலையில். மற்றவர்கள் ஆட்டம் கண்டு நிற்கும் அந்த விளிம்பில் பழைய ஜிம்னாஸ்டிக்ஸ்காரி வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல நிற்பாள்.

அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் 1 மீட்டர் பலகை மட்டும்தான். கல்லூரிக்குப் போனதும் 3 மீட்டர் சேர்ந்துகொள்கிறது, பெரிய சாம்பியன்ஷிப்களில் மேடையும். டைவர்கள் நீச்சல் அணியின் ஓர் அங்கம். அவர்கள் எடுக்கும் புள்ளிகள் அணியின் கணக்கில் சேரும். உயரம் கூடினால் காற்றில் இருக்கும் நேரமும் கூடும்: வெறுமனே விழுந்தால் 1 மீட்டரைக் கடக்க 0.45 விநாடி, 3 மீட்டருக்கு 0.78, 10 மீட்டருக்கு 1.43. பள்ளியில் கற்ற ஒன்றரைக் கரணத்தை 3 மீட்டரில் அப்படியே அடித்தால் அது சீக்கிரம் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் உடல் தொடர்ந்து சுழன்று, முதுகு பட விழும். ஆகவே எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். 10 மீட்டரில் நீரைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர்.

அந்த 10 மீட்டர் மேடை ஆடாது, வளையாது. காத்திருந்து வாங்க அதனிடம் எதுவுமில்லை. காலை வெடுக்கென்று தட்டிக் கிளம்பினால்தான் அங்கே உயரம். பலகையில் ஏறிய முதல் நாள் திட்டு வாங்கித் தந்த அதே அவசரம்.

டெக்சாஸைச் சேர்ந்த லாரா வில்கின்சன் ஜிம்னாஸ்டிக்ஸை விட்டு டைவிங்குக்கு வந்தபோது வயது 15. பிறகு டெக்சாஸ் பல்கலைக்கழக அணியில் இருந்தார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு பயிற்சியில் பாதத்தின் மூன்று எலும்புகள் முறிந்தன. சிட்னியில் 10 மீட்டர் மேடையில் அவர் எடுத்தது 543.75 புள்ளி, இரண்டாவதாக வந்த சீனாவின் லீ நா எடுத்தது 542.01.