உவர் ஏறுமுன் அறிய ஓர் உணரி வலை

மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டி போன்ற மணற்பாங்கான ஊர்களில் நிலத்தடி நன்னீர், கனமான உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத் தங்கி நிற்கிறது. மழை பொய்த்தாலும், பம்பி வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் உவர் மேலேறும். அது எந்தப் பக்கத்தில் ஏறுகிறது என்று நேரத்தோடு அறிய, நீரின் உப்பை அளந்து வானொலி அலையில் செய்தி அனுப்பும் உணரிகளை ஊர் முழுக்கப் பரப்பலாம். எத்தனை தேவைப்படும்?

ஓர் உணரியின் அளவீடு சுற்றிலும் 100 மீற்றருக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். மிகக் குறைந்த வட்டங்களால் ஒரு பரப்பை இடைவெளியின்றி மூடுவதற்கு முக்கோண அடுக்கே சிறந்தது என்று 1939-இல் றிச்சர்ட் கெர்ஷ்னர் நிறுவினார். அதன்படி உணரிக்கு உணரி 173 மீற்றர். ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 39. ஓரங்களுக்கு இன்னும் சில.

ஆனால் ஒன்று பழுதானாலே பரப்பில் ஓட்டை விழும். 2002-இல் அமெரிக்காவின் மெய்ன் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்க பெர்க்லி ஆய்வாளர்கள் 30-க்கு மேற்பட்ட உணரிகளை வைத்தார்கள். உறைகளுக்குள் ஈரம் புகுந்து பல கருவிகள் சில மாதங்களுக்குள் ஓய்ந்தன.

ஆகவே ஒவ்வோர் இடமும் இரண்டு மூன்று உணரிகளின் எல்லைக்குள் விழும்படி அமைக்கிறார்கள். ஒன்று பழுதாகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், இரண்டும் சேர்ந்து பழுதாகும் வாய்ப்பு நூறில் ஒன்றுதான். மேலதிகமானவை முறைவைத்து உறங்குவதால் பற்றரி நீடிக்கும். ஒன்றின் சைகை நின்றுபோனால் அயலிலுள்ளது விழித்துக்கொள்ளும்.

இந்த நூறில் ஒன்று, பழுதுகள் தனித்தனியே வந்தால் மட்டுமே சரி. மன்னார்க் கடற்காற்றின் உப்பு எல்லா உறைகளையும் ஒருங்கே அரிக்கும். வடகீழ்ப் பருவமழை தாழ்நிலத்துக் கருவிகளைச் சேர்த்தே மூழ்கடிக்கும். அப்போது இரட்டைக் காவலும் ஒற்றைக் காவலாகிவிடும்.

கேரளத்தின் மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகம் இதற்கு நல்ல வழி காட்டியது. மண்சரிவை அறிய நீரழுத்தம், மண் ஈரம், சாய்வு, அதிர்வு எனப் பல வகை உணரிகளை அங்கே நிலத்துக்குள் இறக்கினார்கள். 2009 பருவமழையின்போது அந்தத் தரவைக் கொண்டு மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்கள்.

எருக்கலம்பிட்டிக் கிணறுகளிலும் உப்பு உணரியோடு நீர்மட்ட உணரியும் இருப்பது அவசியம். நன்னீர் மட்டம் 1 சென்ரிமீற்றர் இறங்கினால், அடியிலுள்ள உவர் எல்லை காலப்போக்கில் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் உயரும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. உப்பு உணரி அரித்துப் போன இடத்திலும், நீர்மட்டம் இறங்குவதைப் பார்த்தே பம்பியை நிறுத்திவிடலாம்.