ஃபர்ஸ்ட் மீட்டே கொல்லிமலையா? டேட்டிங் ஆப்பும் திரும்பி வர்ற வழியும்

இந்த வார எபிசோட் ஒரு லிஸனர் அனுப்பின வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. அவங்க சேலத்துல வேலை பார்க்கிறாங்க. டேட்டிங் ஆப்ல ஒருத்தரோட மேட்ச் ஆகி ரெண்டு மாசமா பேசிட்டு இருக்காங்க, இன்னும் நேர்ல பார்க்கலை. இப்போ அவர், "ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போலாம், என் கார்லயே போயிட்டு வந்துடலாம்"னு கூப்பிடறாராம். "ஆள் நல்லவரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" இதுதான் அவங்க கேள்வி.

சாட்டை வச்சு அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஏமாத்தறவங்களும் இனிக்க இனிக்கத்தான் பேசுவாங்க. கொல்லிமலைக்கே ஒரு பழைய கதை உண்டு. கொல்லிப்பாவைன்னு ஒரு அழகான சிலை, சிரிச்சு மயக்கிக் கிட்ட வரவெச்சு ஆளைக் கொன்னுடுமாம். முகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதேன்னு நம்ம ஆளுங்க அப்பவே சொல்லி வச்சிருக்காங்க.

அதனால வேற ஒரு கேள்வி கேட்டுக்கலாம். "நடுவுல வேண்டாம்னு தோணுச்சுன்னா, நானா திரும்பி வர முடியுமா?" இடம், நம்பர், போட்டோ, பணம் நாலுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

இடம்

காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேல படி இறங்கணும், அப்புறம் அத்தனையும் ஏறணும். ஊருக்குள்ள மாதிரி நினைச்ச நேரத்துல ஆப்ல ஆட்டோ புக் பண்ண முடியாது. வந்தது அவர் கார்லன்னா, திரும்புறதும் அவர் மனசு வச்சாத்தான்.

"லைவ் லொகேஷன் ஃப்ரெண்டுக்கு ஷேர் பண்ணிட்டுத்தான் போறேன்"னு சொல்வீங்க. நல்லது. ஆனா லைவ் லொகேஷன் வேலை செய்ய ஜிபிஎஸ் மட்டும் போதாது, டேட்டாவும் வேணும். மலைப்பாதையில சிக்னல் போயிடுச்சுன்னா, கடைசியா அப்டேட் ஆன இடத்துலயே புள்ளி நிக்கும். அங்க பத்திரமா இருக்கீங்கன்னு ஃப்ரெண்டு நினைச்சுட்டு இருப்பாங்க. அதனால நேரமும் சொல்லிட்டுப் போங்க: "5 மணிக்குள்ள கால் வரலைன்னா நீ கூப்பிடு, எடுக்கலைன்னா 112-க்குச் சொல்லு."

காரைப் பத்தி ஏன் இவ்வளவு சொல்றேன்னா, பொள்ளாச்சி வழக்கு. 2019 பிப்ரவரியில ஒரு கல்லூரி மாணவியை, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரே பேசணும்னு கூப்பிட்டு கார்ல ஏத்தினார். கார்ல இன்னும் சிலர் சேர்ந்துக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு தைரியமா புகார் கொடுத்த பிறகுதான், இதே மாதிரி பல பெண்களை வீடியோ எடுத்து மிரட்டினது வெளிய வந்துச்சு. 2025 மே 13-ல கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. தப்பு பண்ணது அந்த 9 பேர். நாம செய்யக்கூடியது, ஃபர்ஸ்ட் மீட்டுக்குச் சொந்த வண்டியிலயோ பஸ்லயோ போறது.

நம்பரும் தூரமும்

ஆப்ல "3 கி.மீ. தூரத்தில்"னு காட்டுதே, அது சும்மா ஒரு நம்பர் இல்லை. நீங்க கொல்லிமலையில செம்மேட்டுல இருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் போலி ஜிபிஎஸ் வச்சு, தான் நாமக்கல்ல இருக்கறதா ஆப்பை நம்ப வைக்கறார். உங்க தூரம் தெரியுது. அந்தத் தூரத்தை ஆரமா வச்சு மேப்ல ஒரு வட்டம் போடறார். அடுத்து ராசிபுரம், இன்னொரு வட்டம். அடுத்து துறையூர், மூணாவது வட்டம். மூணும் வெட்டிக்கிற இடம்தான் நீங்க. வீட்டுல உட்கார்ந்தே பண்ணிடலாம்.

டிண்டர்ல இந்த ஓட்டை இருந்ததைப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் 2014-லயே வெளியிட்டாங்க, அது சரி பண்ணப்பட்டது. பத்து வருஷம் கழிச்சு, 2024-ல பெல்ஜியத்தோட கேயு லூவன் பல்கலைக்கழகத்துல 15 டேட்டிங் ஆப்களை ஆராய்ஞ்சாங்க. அதுல 6 ஆப்ல, தூரத்தை வச்சு ஆள் இருக்கற இடத்தை நெருங்கிட முடிஞ்சுது. இப்பல்லாம் நிறைய ஆப் தூரத்தை முழு எண்ணா மாத்தித்தான் காட்டுது. ஆனா தி.நகர்ல 1 கி.மீ. வட்டத்துக்குள்ள எத்தனை ஆயிரம் பேர்! மலை கிராமத்துல அதே வட்டத்துக்குள்ள நாலஞ்சு வீடுதான் இருக்கும். கூட்டம் குறைஞ்சா ஒளியற இடமும் குறையும். செட்டிங்ஸ்ல தூரத்தை மறைக்கிற ஆப்ஷன் இருந்தா ஆன் பண்ணிடுங்க. ஆப்புக்கு "துல்லியமான இருப்பிடம்" அனுமதியும் வேண்டாம்.

அடுத்து ஃபோன் நம்பர். யுபிஐ ஆப்ல உங்க நம்பரைப் போட்டா, பேங்க்ல பதிவான உங்க பேர் வந்துடும். பேர் தெரிஞ்சா லிங்க்டின், அங்க இருந்து ஆபீஸ். அதனால நேர்ல பார்த்து நம்பிக்கை வர்ற வரைக்கும் ஆப் சாட்டே போதும். ப்ரொஃபைல் போட்டோவுல ஆபீஸ் ஐடி கார்டு, பைக் நம்பர் பிளேட், அப்பார்ட்மென்ட் பேர் தெரியுதான்னும் ஒரு தடவை பாருங்க.

போட்டோ

அனுப்பின போட்டோவுக்குத் திரும்பி வர்ற வழியே கிடையாது. "ஒரு தடவை மட்டும் பார்க்கலாம்" ஆப்ஷன்ல அனுப்பினாலும், இன்னொரு ஃபோனை வச்சு அந்த ஸ்கிரீனைப் படம் எடுத்துடலாம். வீடியோ காலையும் ரெக்கார்ட் பண்ணலாம். இதுல ஆண்களும் நிறைய மாட்டறாங்க.

நாகர்கோவில் காசி வழக்கு ஞாபகம் இருக்கா? சோஷியல் மீடியாவுல பெண்களோட பழகி, அந்தரங்கப் படங்களை வச்சு மிரட்டிப் பணம் பறிச்ச கேஸ். சென்னையைச் சேர்ந்த ஒரு டாக்டர் கொடுத்த புகார்ல 2020 ஏப்ரல்ல கைதானான். 2023 ஜூன்ல நாகர்கோவில் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்துச்சு. ஒருத்தர் வாயைத் திறந்ததும் மத்தவங்களும் புகார் கொடுக்க முன்வந்தாங்க. வெளிய சொல்ல மாட்டோம்ங்கிற நம்பிக்கையிலதான் இந்த மிரட்டலே ஓடுது.

யாராவது மிரட்டினா:

பணம் கொடுக்காதீங்க. கொடுத்தா அடுத்த வாரமும் கேட்பாங்க.

பயத்துல சாட்டை அழிச்சுடாதீங்க. ப்ரொஃபைல் லிங்க், நம்பர், யுபிஐ ஐடி, தேதி எல்லாம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதுக்கப்புறம் பிளாக் பண்ணுங்க.

சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துலயோ, பக்கத்து சைபர் கிரைம் ஸ்டேஷன்லயோ புகார் கொடுங்க.

ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி தளம் 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு. படம் உங்க ஃபோனை விட்டுப் போகாது. அந்தப் படத்துல இருந்து ஹாஷ்னு ஒரு கைரேகை மாதிரி குறியீடு உங்க ஃபோன்லயே உருவாகி, அது மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி இதுல சேர்ந்திருக்கற தளங்கள்ல அதே படம் ஏறினா கண்டுபிடிச்சு நீக்க இது உதவும்.

"நானேதானே அனுப்பினேன், புகார் எடுப்பாங்களா?"ன்னு தயங்காதீங்க. ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதிச்சிருந்தாலும், அதைப் பரப்பச் சம்மதிக்கலைன்னா, பரப்பறது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவுல குற்றம். அனுமதி இல்லாம அந்தரங்கப் படத்தை எடுக்கறதும் பரப்பறதும் ஐடி சட்டம் 66ஈ பிரிவுல வரும். அதுல ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

பணம்

கதை மாறிட்டே இருக்கும். "ரிசார்ட் புக்கிங்குக்குப் பாதி அனுப்பு", "அம்மா ஆஸ்பத்திரியில", "உனக்கு அனுப்பின கிஃப்ட் கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு", "இந்த ஆப்ல போட்டா டபுள் ஆகும்". நேர்ல பார்க்காத ஆளுக்கு ஒரு ரூபா கூட வேண்டாம். பணம் வாங்கறதுக்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டா, பணம் உங்ககிட்ட இருந்து போகப் போகுதுன்னு அர்த்தம். அனுப்பிட்டீங்கன்னா உடனே 1930. அந்தப் பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்குப் போறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. "நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடற ஒவ்வொரு மணி நேரமும் அவங்களுக்குத்தான் லாபம்.

அப்போ கொல்லிமலை?

கண்டிப்பா போங்க, அருமையான இடம். ஆனா அது நாலாவது, அஞ்சாவது மீட்டுக்கு. முதல்ல ஒரு வீடியோ கால். அப்புறம் சேலத்துலயோ நாமக்கல்லயோ, கூட்டம் இருக்கற ஒரு கஃபேல, பகல்ல, ஒரு மணி நேரம். உங்க வண்டியில போய் உங்க வண்டியில வாங்க.

இதை அவர்கிட்ட அப்படியே சொல்லிப் பாருங்க: "மலை அப்புறம், முதல்ல டவுன்ல காபி." சரின்னு சாதாரணமா ஒத்துக்கிட்டா, அது ஒரு நல்ல ஆரம்பம். "என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு கோவிச்சுக்கிட்டு அதே கார், அதே மலைன்னு நின்னா, வாய்ஸ் நோட்ல நீங்க கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிட்டார்.

உங்க ஃப்ரெண்டு யாராவது இப்போ ஒருத்தரோட பேசிட்டு இருந்தா இந்த எபிசோடை அனுப்பி வைங்க. கூடவே, "மீட் பண்ணப் போறப்போ என்கிட்ட சொல்லிட்டுப் போ, எதுவும் கேட்க மாட்டேன்"னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.