முனகும் மோட்டார்

ஆனி பிறந்தால் புரட்டாசி முடியும்வரை கொல்கத்தாவில் கொடியில் போட்ட துணி எளிதில் காய்வதில்லை. காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கும்போது துணியின் ஈரம் எங்கே போகும், நண்பர்களே? ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். துணியைச் சுழற்றி நீரை உதறித் தள்ளுவதற்கோ 150 வாட் மோட்டார் ஐந்து நிமிடம் ஓடினால் போதும். ஆகும் செலவு 45 கிலோ ஜூல்தான். இரட்டைத் தொட்டிச் சலவை இயந்திரத்தின் சிறிய தொட்டி செய்யும் வேலை இதுவே. அது நிமிடத்துக்கு 1,350 சுற்று சுற்றினால், அதன் விளிம்பிலுள்ள நீர் தன் எடையைப்போல் 200 மடங்கு விசையோடு வெளியே ஓடுகிறது.

சென்ற ஆண்டு லேக் மார்க்கெட் அருகே நாங்கள் மூவர் குடியிருந்த வீட்டில் இத்தொட்டி நின்றுபோயிற்று. இயந்திரம் வீட்டுக்கார மாஷிமாவுடையது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர். பார்க்க வந்தவர், "மோட்டார் எரிந்துவிட்டது, புதிதுதான் போடவேண்டும்" என்று நின்றபடியே தீர்ப்புச் சொல்லிப் போனார். எரிந்த மோட்டார் கருகல் நாற்றம் வீசும். இதுவோ முனகிக்கொண்டிருந்தது. முனகும் மோட்டாருக்குப் பெரும்பாலும் உயிர் இருக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பலகையைக் கழற்ற வேண்டும். மூடியை மூடினால் ஒரு கம்பி பிரேக்கை விலக்கவேண்டும். கம்பி தளர்ந்திருந்தால் பிரேக் பிடித்தபடியே நிற்கும். தொட்டிக்கடியில் கைக்குட்டையோ காலுறையோ சிக்குவதும் உண்டு. எங்கள் தொட்டி கையால் சுற்றத் தாராளமாகச் சுற்றியது. ஆகவே ஐயம் மின்தேக்கியின்மேல் விழுந்தது. கடையில் அதைக் கண்டென்சர் என்றால்தான் தெரியும்.

அதன் வேலை என்ன? வீட்டுக்கு வரும் ஒருமுக மின்சாரத்தின் காந்தப்புலம் முன்னும் பின்னும் ஆடுமேயன்றிச் சுழலாது. தையல் இயந்திரத்தை எண்ணிப்பாருங்கள். மிதி ஓர் இடத்தில் நின்றுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. கையால் ஒரு தள்ளுத் தள்ளவேண்டும். மோட்டாரில் இரண்டாவது கம்பிச்சுருள்தான் அந்தக் கை. அதில் ஓடும் மின்னோட்டத்தைச் சற்று முந்தவைப்பது மின்தேக்கி. அது தளர்ந்தால் தள்ள ஆளில்லை. மோட்டார் நின்ற இடத்தில் முனகிச் சூடாகும். அப்படியே விட்டால் உண்மையாகவே எரிந்துபோகும்.

பிளக்கைப் பிடுங்கியபிறகும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்குமேல் தங்கியிருக்கலாம். அதன் இரு முனைகளையும் ஒரு குண்டு பல்பின் கம்பிகளால் தொட்டு வடித்தபின்பே கைவைத்தேன். மேலே எழுதியிருந்தது 6 மைக்ரோ ஃபாரட். அளவியில் 2கூட வரவில்லை. சாந்தினி மார்க்கெட்டில் அதே 6, அதே 440 வோல்ட் வாங்கினேன். "8 போட்டால் வேகமாகச் சுற்றும்" என்று ஆசை காட்டுவார்கள், கேளாதீர்கள். வேகம் கூடாது, சுருள்தான் சூடேறும். மாஷிமா கொடுத்த நூறு ரூபாயில் மீதி இருந்தது, டிராமில் திரும்பினேன்.

தொட்டி சுற்றிற்று. நீங்களும் இதைச் செய்தால் இன்னொன்றையும் பாருங்கள்: மூடியைத் திறந்த சில நொடிகளில் தொட்டி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. அதை மாற்றும்வரை யாரும் உள்ளே கைவிடக் கூடாது.