பழைய இரும்பு இழைப்புளி: இனங்காணலும் புதுப்பித்தலும்

இழைப்புளி (சீவுளி) என்பது மரப்பரப்பை மெல்லிய சீவல்களாகச் சீவிச் சமப்படுத்தத் தச்சர்கள் பயன்படுத்தும் கைக்கருவி ஆகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அமெரிக்காவில் பெருமளவில் செய்யப்பட்ட வார்ப்பிரும்பு இழைப்புளிகள் பல இன்றும் பழைய பொருள் சந்தைகளில் துருப்பிடித்த நிலையில் கிடைக்கின்றன. மேலோட்டமான துருவைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். வார்ப்பில் விழுந்த விரிசலை எளிதில் சரிசெய்ய முடியாது. கருவியின் வயதைக் காட்டும் எழுத்துகளும் பழைய மெருகும் தேய்ப்பதால் அழியக்கூடும். ஆகவே முதலில் இனங்காணல், பிறகு சோதனை, அதன் பின்னரே துரு நீக்கம் என்பது முறையான வரிசை.

பெய்லி வகை

இவற்றில் மிகப் பரவலானது லெனர்ட் பெய்லி வடிவமைத்த வகை. அவருடைய காப்புரிமைகளை அமெரிக்காவின் கனெடிகட் மாநிலம், நியூ பிரிட்டன் நகரில் இயங்கிய ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. பின்னாளில் வேறு நிறுவனங்களும் இதே அமைப்பில் இழைப்புளிகளைச் செய்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ரெக்கார்ட் இழைப்புளிகள் அவற்றுள் ஒன்று.

இவ்வகையில் வார்ப்பிரும்பு உடலின் மேல் ‘ஃபிராக்’ எனப்படும் சாய்வான தாங்கி திருகப்பட்டிருக்கும். அதன்மேல் அலகு 45 பாகை சாய்வில் அமரும். அலகோடு சீவல் முறிப்பான் என்னும் வளைந்த தகடு இணைந்திருக்கும். இவ்விரண்டையும் நெம்புமூடி அழுத்திப் பிடிக்கும். தாங்கியின் பின்னுள்ள பித்தளைச் சக்கரத்தைத் திருப்பினால் அலகு இறங்கும் அல்லது ஏறும்.

இனங்காணல்

முன்பகுதியிலோ பின்பகுதியிலோ வார்க்கப்பட்டுள்ள எண் கருவியின் அளவைக் காட்டும். அடிப்படை அளவுகள் 1 முதல் 8 வரை உள்ளன. எண் கூடக்கூட நீளமும் கூடும். 4ஆம் எண் ஏறத்தாழ 9 அங்குல நீளமுடையது. இறுதி மெருகு இழைப்புக்கு உரியது. 5ஆம் எண் ஏறத்தாழ 14 அங்குலம், பொதுவேலைக்கு ஏற்றது. 7ஆம் எண் ஏறத்தாழ 22 அங்குலம். நீண்ட பலகையின் விளிம்பை நேராக்க உதவும்.

ஸ்டான்லி பெய்லி இழைப்புளிகளின் காலத்தைக் கணிக்கக் கீழ்க்கண்ட அடையாளங்கள் உதவும்:

- அலகைப் பக்கவாட்டில் சரிசெய்யும் நெம்புகோல் இல்லாவிட்டால், அது பெரும்பாலும் 1880களின் நடுப்பகுதிக்கு முற்பட்டது.
- தாங்கியை முன்பின் நகர்த்தும் திருகு ஏறத்தாழ 1907 முதல் காணப்படுகிறது.
- தாங்கிக்குப் பின்னால், உடலில் 1902ஆம் ஆண்டின் இரண்டு காப்புரிமைத் தேதிகளும் 1910ஆம் ஆண்டின் ஒரு தேதியும் இருந்தால், அது 1910களைச் சேர்ந்தது.
- அலகில் இதய வடிவ முத்திரை இருந்தால், அந்த அலகு 1920களையோ 1930களின் முற்பகுதியையோ சேர்ந்தது.
- நெம்புமூடியின் துளை சிறுநீரக வடிவில் இருந்தால், அந்த மூடி ஏறத்தாழ 1933க்குப் பிற்பட்டது.

ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது. ஒரு கருவியின் அலகும் மூடியும் வேறொன்றில் பொருந்தும் என்பதால், பல காலத்துப் பாகங்கள் ஒரே இழைப்புளியில் கலந்திருப்பது வழக்கம். உடலின் அடையாளங்களுக்கே முதலிடம் தர வேண்டும்.

வாங்குமுன் சோதனை

அலகு வெளிவரும் வாயின் ஓரங்களையும் இரு பக்கச் சுவர்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கு விரிசலோ பற்றவைத்த தழும்போ இருந்தால் தவிர்ப்பது நல்லது. அலகின் தட்டையான பக்கத்தில், கூர்முனையை ஒட்டி ஆழமான துருக்குழிகள் இருந்தால் கூர் சீராக வராது; அத்தகைய அலகை மாற்ற நேரிடும். கைப்பிடி உடைந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். திருகுகள் அனைத்தும் இருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய ஸ்டான்லி திருகுகள் சிலவற்றின் புரி வழக்கமான அளவில் இல்லாததால், தொலைந்தவற்றுக்கு மாற்றுக் கிடைப்பது கடினம்.

கழற்றுதலும் துரு நீக்கலும்

கழற்றும் முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைப்பது நல்லது. இறுகிய திருகில் துருவிளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். திருகின் பிளவில் முழுமையாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும்.

உடலில் கறுப்பு மெருகு பெரிதும் எஞ்சியிருந்தால், மண்ணெண்ணெயும் எஃகுக் கம்பளியும் கொண்டு தேய்ப்பதே பாதுகாப்பானது. துரு மிகுதியாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது வினிகர். பாகங்களை அதில் சில மணி நேரம் ஊறவைத்துத் துருவைத் துலக்கலாம். நீண்ட நேரம் விட்டால் அமிலம் இரும்பையே அரிக்கும். எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவ வேண்டும்.

இரண்டாவது மின்னாற்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை மின்னேற்றியின் எதிர்முனையிலும், வேண்டாத சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைப்பர். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் உருவாகும் என்பதால் அது கூடாது. இம்முறையில் எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

இரண்டு முறைகளும் பழைய மெருகைப் பாதிக்கக்கூடும். எந்த முறையானாலும் ஈரம் பட்ட இரும்பு விரைவில் மீண்டும் துருப்பிடிக்கும். உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும்.

அடித்தளமும் அலகும்

அடித்தளத்தைச் சமப்படுத்தத் தட்டையான தடித்த கண்ணாடியின் மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்ப்பர். அப்போது அலகை உள்ளே இழுத்து, நெம்புமூடியைப் பூட்டி வைத்திருக்க வேண்டும். வேலையின்போது உடலில் ஏற்படும் இறுக்கம் தேய்க்கும்போதும் இருக்க வேண்டும் என்பதே காரணம். அடித்தளம் முழுதும் பளபளக்கத் தேவையில்லை. முன்முனை, வாய்க்கு முன்னுள்ள பகுதி, பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்.

அலகின் தட்டையான பக்கத்தை முதலில் சமப்படுத்தி, சரிவை ஏறத்தாழ 25 பாகையில் தீட்ட வேண்டும். மின்சாணையில் தீட்டினால் அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். சூட்டில் எஃகு நீலநிறம் கொண்டால் அவ்விடத்தின் பதம் போய்விடும். சீவல் முறிப்பானின் விளிம்பு அலகோடு இடைவெளியின்றிப் படிய வேண்டும்; இடைவெளி இருந்தால் சீவல் அதில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

மீண்டும் பூட்டியபின், மெல்லிய மரத்துண்டில் சோதித்து அலகைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். வாயின் முழு அகலத்திலும் அறுபடாத, ஒரே தடிமனுள்ள சீவல் வந்தால் கருவி வேலைக்குத் தயார். அரிய, பழைமையான கருவியாக இருந்தால், புதிய வண்ணம் பூசுவதும் பளபளப்பாக்குவதும் சேகரிப்போரிடையே அதன் மதிப்பைக் குறைக்கக்கூடும். அதற்குத் துருவை நிறுத்தி எண்ணெய் தடவிப் பாதுகாப்பதே போதுமானது.