பிராக்கில் பாடிய கனடாக்காரர்

1967-இல் கனடாவிலிருந்து செக்கோஸ்லோவாக்கியா போனார் பால் வில்சன். அங்கே ஆங்கில ஆசிரியர் வேலை. மறு ஆண்டே சோவியத் டாங்கிகள் உள்ளே புகுந்தன.

பிராக்கில் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்றொரு ராக் குழு. அரசுக்குப் பிடித்த மாதிரிப் பாட மறுத்ததால், 1970-இல் உரிமம் பறிபோனது. அரசு கொடுத்திருந்த இசைக்கருவிகளும் போயின. ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுக்கப் போன வில்சன், அந்தக் குழுவின் பாடகராகவே ஆகிவிட்டார்.

உரிமம் இல்லாமல் கச்சேரி எப்படி? குழுவின் வழிகாட்டி இவான் யிரோஸ் கலை வரலாறு படித்தவர். ஓவியர் ஆண்டி வார்ஹோல் பற்றி 'சொற்பொழிவு' என்று அறிவிப்பார். சில படங்களைக் காட்டிக் கொஞ்சம் பேச்சு. அப்புறம், வார்ஹோல் ஆதரித்த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாட்டுகளை 'உதாரணத்துக்கு' மணிக்கணக்கில் வாசிப்பார்கள்! கில்லாடிகள்தான்.

1976-இல் குழுவினர் கைதானார்கள். அந்த வழக்கின் சூட்டில் பிறந்ததுதான் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை. 1977-இல் வில்சனை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெலின் பண்ணைவீட்டில் ரகசியமாகப் பதிவான குழுவின் ஈஸ்டர் இசையை, 1980-இல் கனடாவில் இசைத்தட்டாக வெளியிட்டார். பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே ஹாவெலின் எழுத்துகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இவரே.