சாரமும் சட்டமும்

எங்கள் பூவத்தில் உப்புக்காற்று சுவரை அரிப்பதால், பொங்கல் நெருங்கினால் வீடுதோறும் சாரம் எழும்பும். வர்ணம் பூச ஆட்களை அழைத்துவரும் மேஸ்திரிக்கு லைசென்சு தேவையா?

அஃது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 20 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைப்போரையே லைசென்சு பெறச் சொல்லிற்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அவ்வெண்ணை 50 ஆக்கிற்று. நான்கு பேருடன் வரும் நம்மூர் மேஸ்திரி இரண்டிலும் அகப்படார். சிறு தொழிலுக்குச் சலுகை என்பர். ஆள் குறைந்தால் மாடியின் உயரமும் குறையுமோ?

நஷ்டஈட்டின் கதை வேறு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், வேலையால் நேரும் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கிற்று. (அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், இங்கு அது பின்னரே வந்தது.) கட்டட வேலையில் அது தலைகளை எண்ணவில்லை, கட்டடத்தின் உயரத்தையே நோக்கிற்று. அப்பொறுப்பு இன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தொடர்கிறது.

ஆயினும் அன்றாடங்காய்ச்சியான மேஸ்திரி இலட்சக்கணக்கில் எங்ஙனம் கொடுப்பார்? அதற்கே இன்சூரன்ஸ். பழைய சட்டம் பொறுப்பை விதித்ததேயன்றி, பாலிசி எடுக்குமாறு கட்டாயப்படுத்தவில்லை. சதுர அடிக்கு என்ன கூலி என்று பேரம் பேசும் வீட்டுக்காரர், பாலிசியையும் கேட்டு வாங்கி, அதில் ஆட்களின் எண்ணிக்கையும் உயரத்தில் செய்யும் வேலையும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.