பண்ணை வீட்டுக் குள்ளனும் வால் முளைத்த மணப்பெண்ணும்

ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளையும் சேர்த்து ஸ்காண்டிநேவியா என்பார்கள். தரங்கம்பாடியில் கோட்டை கட்டி 1845 வரை வணிகம் நடத்திய டேனிஷ்காரர்களின் நாடுதான் டென்மார்க்.

இன்று செல்வத்தில் கொழிக்கும் இந்த நாடுகள் 150 ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. பெரும்பாலோர் குடியானவர்கள், மீனவர்கள், பண்ணையாட்கள். குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் சில மணி நேரமே. வடக்கு நார்வேயில் பல வாரங்களுக்குச் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. அந்த நீண்ட இரவுகளில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கம்பளி நூற்றபடியும் வலை பின்னியபடியும் ஏழை எளிய மக்கள் சொல்லிக்கொண்ட கதைகள் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டன.

கூழும் வெண்ணெயும்

ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு குள்ளக் காவலன் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. நார்வேயிலும் டென்மார்க்கிலும் அவன் பெயர் நிஸ்ஸெ. சுவீடனில் டொம்டெ. சாம்பல் நிற உடை, சிவப்புக் குல்லாய், நரைத்த தாடி. கொட்டிலிலோ வைக்கோல் பரணிலோ இருப்பான். இரவில் மாடுகளுக்குத் தீனி போடுவான், குதிரைகளைப் பேணுவான். அவன் கேட்கும் கூலி ஒன்றே ஒன்றுதான். கிறிஸ்துமஸ் இரவில் ஒரு கிண்ணம் கூழ், அதன்மேல் ஒரு கட்டி வெண்ணெய்.

ஒரு பண்ணையில் வேலைக்காரப் பெண் ஒருத்தி வேடிக்கைக்காக வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் மறைத்து, மேலே கூழை ஊற்றி வைத்தாள். வெண்ணெயைக் காணாத குள்ளனுக்கு ஆத்திரம் பொங்கியது. நேரே கொட்டிலுக்குப் போய் நல்ல பசு ஒன்றை அடித்துக் கொன்றுவிட்டான். பிறகு பசி தாளாமல் கூழைக் குடித்தால், அடியில் வெண்ணெய்! மனம் நொந்து போனான். இரவோடு இரவாக நெடுந்தூரம் நடந்து, அதே நிறத்தில் அதே போன்ற பசுவை எங்கிருந்தோ ஓட்டி வந்து கட்டினான்.

ஆண்டு முழுவதும் உழைத்தவனின் கூலியில் விளையாட்டுக்குக்கூடக் கை வைக்கக் கூடாது என்பதே இதன் சாரம். இதைச் சொன்னவர்களில் பலரும் பண்ணையில் கூலிக்கு உழைத்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்னொரு கதை. குள்ளனின் தொல்லை தாங்காத குடியானவன் ஒருவன் வீட்டையே காலி செய்தான். சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றிப் புறப்பட்டபோது, "எங்கே பயணம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள், வண்டியில் இருந்த பீப்பாயிலிருந்து குள்ளன் தலையை நீட்டி, "இன்று நாங்கள் வீடு மாறுகிறோம்!" என்றான். ஊரை விட்டாலும் உடன் வருவது உடன் வரத்தான் செய்யும். பிழைப்புக்காக ஊர் மாறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கை நீட்டியவன் வாயடைத்தான்

நார்வே மலைகளுக்குள்ளே மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் மாடு கன்றுகளோடு வாழ்கிறது என்றும் நம்பினார்கள். அந்தக் கூட்டத்துப் பெண் ஹுல்ட்ரா. பேரழகி, ஆனால் பின்னால் பசுவின் வால் இருக்கும்.

அப்படி ஒருத்தியை ஒரு குடியானவன் மணந்தான். தேவாலயத்தில் திருமணம் முடிந்ததும் வால் கழன்று விழுந்துவிட்டது. நாளடைவில் கணவன் அவளை ஏசவும் அடிக்கவும் தொடங்கினான். அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் அவன் குதிரைக்கு லாடம் அடித்தபோது லாடம் பொருந்தவில்லை. அவள் உலையிலிருந்து பழுத்த இரும்பை வெறுங்கையால் எடுத்து, மெழுகை வளைப்பது போல வளைத்துக் கொடுத்தாள். இவ்வளவு வலிமை உள்ளவள் இத்தனை காலம் தன்னைத் திருப்பி அடிக்காமல் இருந்திருக்கிறாளே என்று கணவன் வெலவெலத்துப் போனான். அதன் பிறகு அவன் கை ஓங்கவே இல்லை.

கரை சேராத பிணங்கள்

வடக்கு நார்வே மீனவர்கள் நடுங்கியது டிரௌக் என்ற கடல் பேய்க்கு. கடலில் மூழ்கி, அடக்கம் செய்யப்படாமல் போனவர்களின் ஆவி அது. தலை இருக்க வேண்டிய இடத்தில் கடற்பாசிக் கொத்து. பாதிப் படகில் துடுப்புப் போட்டு வரும். அதன் அலறலைக் கேட்டவனுக்குச் சாவு நிச்சயம் என்பார்கள். லொஃபோடன் தீவுகளில் மீன் பிடிப்புக் காலமே கடுங்குளிர் மாதங்கள்தான். திறந்த படகுகளில் போனவர்கள் பலர் திரும்பவில்லை.

கிறிஸ்துமஸ் இரவில் படகுக் கொட்டகைக்குப் போன ஒருவனை இந்தப் பேய்கள் கூட்டமாகத் துரத்தின. அவன் கல்லறைத் தோட்டத்தின் வழியே ஓடி, அங்கே புதைக்கப்பட்டிருந்தவர்களை உதவிக்கு அழைத்தான். நிலத்துப் பிணங்கள் எழுந்து கடல் பிணங்களோடு மோதின. விடிந்து பார்த்தால், கல்லறைகளின் மேல் சவப்பெட்டிப் பலகைகளும் கடற்பாசியும் சிதறிக் கிடந்தனவாம். உடல் கிடைக்காத துயரம் ஊரில் எத்தனை வீடுகளில் இருந்திருக்கும் என்பதை இக்கதை காட்டுகிறது.

தொட்டிலில் கத்தரிக்கோல்

நம்பிக்கைகள் எல்லாமே தீங்கற்றவை அல்ல. மலைவாழ் மாயக் கூட்டம் மனிதக் குழந்தையைத் திருடிக்கொண்டு தன் குழந்தையை விட்டுச் செல்லும் என்று அஞ்சினார்கள். ஞானஸ்நானம் ஆகும் வரை தொட்டிலில் கத்தி, கத்தரிக்கோல் போன்ற இரும்பு வைத்தார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தையை 'மாற்றப்பட்ட பிள்ளை' என்றார்கள். அதை அடித்தால் உண்மைக் குழந்தை திரும்பும் என்றும் கதைகள் கூறின.

இது கதையோடு நிற்கவில்லை. சுவீடனின் காட்லாந்துத் தீவில், நலிந்த குழந்தை ஒன்றைக் கிறிஸ்துமஸ் இரவில் எருக்குவியல்மேல் போட்டு வைத்தார்கள். குழந்தை குளிரில் இறந்தது. 1690இல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. பிறவிக் குறைபாட்டை மருத்துவம் அறியாத காலத்தில், அறியாமைக்குப் பலியானது பச்சைக் குழந்தை.

1909இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் என்ற பெருமைக்குரிய சுவீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் இந்த நம்பிக்கையையே கருவாக எடுத்து ஒரு கதை எழுதினார். அதில் வரும் தாய், ஊரும் கணவனும் எதிர்த்தும், மாயக் குழந்தையை அடிக்க மறுத்துக் காப்பாற்றுகிறாள். அவளுடைய இரக்கத்தால்தான் அவள் பிள்ளை பிழைத்துத் திரும்புகிறான்.

ஊர் ஊராய் நடந்தவர்கள்

இக்கதைகளை அழியாமல் காத்தவர்களும் உண்டு. கண்ணாடி பொருத்தும் தொழிலாளியின் மகன் பேட்டர் ஆஸ்பியோர்ன்சன், குடியானவர் மகன் யோர்கன் மோ ஆகிய இரு நண்பர்கள் நார்வே கதைகளைத் திரட்டி 1841 முதல் வெளியிட்டனர். அப்போது நார்வேயில் எழுத்து மொழி டேனிஷ்தான். குடியானவர் பேச்சும் அச்சில் ஏறலாம் என்பதை அந்த நூல் காட்டியது. நார்வேயின் எழுத்து மொழி தனி வழியில் வளர அது பெரிதும் உதவியது.

டென்மார்க்கில் ஈவால் தாங் கிறிஸ்டன்சன் என்ற கிராமப் பள்ளி ஆசிரியர் 1929இல் இறக்கும் வரை இதே பணியில் ஈடுபட்டார். ஜட்லாந்துப் பகுதியின் வறண்ட நிலங்களில் கால்நடையாகவே அலைந்து, நிலமற்ற கூலிகளின் குடிசைகளில் உட்கார்ந்து எழுதினார். அவர் சேர்த்த கைப்பிரதி ஏறத்தாழ 24,000 பக்கம். அது கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

பண்ணைக் குள்ளன் இன்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் சிரிக்கிறான். குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருபவனும் அவன்தான். மின்விளக்கு வந்து இருட்டு விலகியதும் அவன்மேல் இருந்த அச்சமும் போய்விட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் இரவில் அவனுக்கென்று ஒரு கிண்ணம் கூழ் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வெண்ணெய் மேலேதான் இருக்கும்.